"எந்த டிரோன் வாங்கலாம், அண்ணே?"

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கடையைச் சாத்துகிற நேரத்தில் ஒரு தம்பி வந்து நின்றான். இருபத்திரண்டு வயது இருக்கும். கிள்ளானில் எங்களுடையது சின்னப் படக்கடைதான். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் பாதி, கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள் பாதி. இவன் இரண்டுக்கும் வரவில்லை. கைப்பேசியை நீட்டினான். திரையில் மூன்று டிரோன்கள்.

"அண்ணே, இதுல எதை வாங்கலாம்? கையில ஆறாயிரம் வெள்ளி இருக்கு."

அந்த ஆறாயிரம் எப்படி வந்தது என்று கேட்டேன். ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இரண்டு வருடம் இரவு வேலை. வேலையை விட்டுவிட்டுக் கல்யாண வீடியோ எடுக்கப் போகிறானாம். அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம்.

"சரி, டிரோனை வச்சு என்ன எடுக்கப் போற?"

"எல்லாந்தாண்ணே."

பத்து வருடங்களுக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். அவனை உட்கார வைத்து, சாத்திய கதவுக்குள் ஒன்றரை மணி நேரம் பேசினேன். வீட்டுக்குப் போனபோது சாப்பாடு ஆறிப்போயிருந்தது. மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. அன்று அவனிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு பணத்தை எடுத்து வைத்திருப்பவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள்.

டிஜேஐ நிறுவனம் 2013இல் முதல் ஃபேண்டம் டிரோனை வெளியிட்டது. வெள்ளை நிறம், நான்கு விசிறி. அதுவரை வானத்திலிருந்து படம் எடுக்க வேண்டுமென்றால் ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது ஆறு கை, எட்டுக் கை வைத்த பெரிய சட்டங்களை நாமே பூட்டி, ஒயர்களைப் பற்றவைத்து, கடவுளை வேண்டிக்கொண்டு ஏற்ற வேண்டும். ஃபேண்டமைப் பெட்டியிலிருந்து எடுத்தால் பறந்தது. அடுத்த வருடம் பழையது ஒன்றை வாங்கினேன். அதில் கேமரா கிடையாது. கீழே கோப்ரோ ஒன்றை நாமே மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டினேன், ஏற்றினேன், இறக்கினேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் படம் தட்டில் வைத்த அகர்அகர் மாதிரி ஆடியது. மோட்டார்களின் அதிர்வு நேராகக் கேமராவுக்குள் போயிருந்தது.

அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் கிம்பல். மூன்று சின்ன மோட்டார்கள் கேமராவைப் பிடித்துக்கொண்டு, டிரோன் சாய்கிற திசைக்கு எதிர்த்திசையில் அதே நொடியில் திருப்பிக்கொடுக்கும். டிரோன் காற்றில் தத்தளித்தாலும் படம் மேசைமேல் வைத்ததுபோல் நிற்கும். இணையக் கடைகளில் இருநூறு, முந்நூறு வெள்ளிக்கு "4கே" என்று பெரிதாகப் போட்டு விற்கிறவற்றில் பெரும்பாலும் இந்தக் கிம்பல் இருக்காது. மூன்று அச்சுக் கிம்பல் இல்லையென்றால் அது விளையாட்டுச் சாமான். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கலாம், தொழிலுக்கு உதவாது.

தம்பியின் கைப்பேசியில் இருந்த மூன்றிலும் கிம்பல் இருந்தது. அதனால் அடுத்த கதைக்குப் போனேன். அதை நான் அதிகம் பேருக்குச் சொல்வதில்லை.

2017. ஒரு கல்யாணம். மண்டபத்துக்கு வெளியே மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்கிறார்கள். அவர்கள் முகத்திலிருந்து தொடங்கி, பின்னால் விலகி, மேலே எழுந்து, மண்டபம் முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு காட்சி. அப்போதெல்லாம் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். என்னிடம் இருந்தது மேவிக் புரோ, எடை 734 கிராம். அதற்கு முன்பக்கமும் கீழேயும்தான் தடையை உணரும் கண்கள் உண்டு. பின்பக்கம் குருடு. அது கையேட்டிலேயே எழுதியிருக்கிறது, நானும் படித்திருக்கிறேன். ஆனால் திரையில் பெண்ணின் முகம் அழகாக வந்துகொண்டிருந்தது. நான் திரையை மட்டுமே பார்த்தேன். பின்னால் இருந்த தென்னை மட்டையில் விசிறி பட்டது.

விமானம் என்றால் இயந்திரம் நின்றாலும் இறக்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் மிதந்து வரும். நான்கு விசிறி டிரோனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு விசிறி வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழன்று ஒன்றையொன்று சமன்செய்துகொண்டு நிற்பதுதான் அதன் பறத்தல். ஒன்று போனால் மொத்தமும் போச்சு, கல்லாக விழும். பதினைந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற பொருள் தரையைத் தொடும்போது கணக்குப்படி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். காற்று கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

கீழே ஒரு குழந்தை பலூனோடு நின்றுகொண்டிருந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி விழுந்தது. விசிறி ஒடிந்து, கை பிளந்து, பேட்டரி தெறித்துப் போனது. குழந்தை அழவில்லை, வேடிக்கை பார்த்தது. அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்றும் மறக்கவில்லை. யாரும் திட்டவில்லை. "பரவால்ல லா, ஒண்ணும் ஆகலயே" என்று பெண்ணின் அப்பாவே சமாதானம் சொன்னார். அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் எதையும் வானத்தில் ஏற்றவில்லை.

அதனால்தான் டிரோன் வாங்க வருகிறவர்களிடம் கேமரா எத்தனை "கே" என்பதைக் கடைசியாகப் பேசுகிறேன். எடை எவ்வளவு, எத்தனை பக்கம் கண் இருக்கிறது, யார் தலைக்கு மேல் பறக்கப்போகிறது என்பதுதான் முதலில்.

இன்று இந்தப் பேச்சு அன்றைவிட எளிது. 2019இல் மேவிக் மினி வந்தபோதே எடை 249 கிராமுக்கு இறங்கிவிட்டது. 2023இல் வந்த மினி 4 புரோவும் அதே 249 கிராம்தான், ஆனால் எல்லாப் பக்கமும் தடையை உணரும். கேமராவையே நிமிர்த்திச் செங்குத்தாக எடுக்கலாம். இப்போது பெண் வீட்டார் ஆல்பத்துக்கு முன்னால் கேட்பது டிக்டாக் காணொளியைத்தான், ஆகவே இது சின்ன விஷயமில்லை. மினி வரிசையிலேயே விலை குறைந்தவை சிலவற்றில் கீழே மட்டும்தான் கண் இருக்கும். பெயர் ஒன்று போலிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. கடைக்காரர் சொல்கிறார் என்று வாங்காமல், தடை உணரி எந்தெந்தப் பக்கம் என்று பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். கண் இருந்தாலும் மெல்லிய ஒயரையும் இலையில்லாத கிளையையும் அது சரியாகப் பார்க்காது என்பதையும் சேர்த்து மனத்தில் வையுங்கள்.

இங்கே தம்பி குறுக்கே புகுந்தான். "249 கிராம்னா பெர்மிட்டே வேணாமாமேண்ணே?"

இந்த 249 ஊர் ஊராகச் சுற்றிவரும் ஒரு வதந்தி. அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர்கள் 250 கிராமுக்குக் கீழ் இருந்தால் பதிவு செய்ய வேண்டாம் என்று வைத்தார்கள். சிங்கப்பூரிலும் 2020 பிப்ரவரியிலிருந்து 250 கிராமுக்கு மேற்பட்டவற்றைத்தான் பதிவு செய்ய வேண்டும். நிறுவனங்கள் அந்த எல்லைக்கு ஒரு கிராம் குறைத்துச் செய்தன. அதுவும் பதிவுக்குத்தான். எங்கே, எவ்வளவு உயரம் என்ற விதிகள் அங்கே சின்னவற்றுக்கும் உண்டு. சிங்கப்பூரில் அனுமதியில்லாமல் 200 அடிக்கு மேல் போகக்கூடாது. ஜொகூரிலிருந்து பாலம் தாண்டிக் கல்யாணம் எடுக்கப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் அடிப்படை 2016ஆம் ஆண்டின் வான் போக்குவரத்து விதிமுறைகள். அனுமதியில்லாமல் 400 அடிக்கு மேல் ஏற்றக்கூடாது. விமான நிலையங்களைச் சுற்றிய வான்பகுதிக்குள் நுழையக்கூடாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் சுபாங் நடுவிலும் சிப்பாங் தெற்கிலும் இருப்பதால் இது பல மண்டபங்களுக்குப் பொருந்தும். கேமரா வைத்த டிரோன் என்றால், உங்கள் பொறுப்பில் இல்லாத ஆட்களுக்கும் கட்டடங்களுக்கும் 50 மீட்டருக்குள் போக அனுமதி வேண்டும். ஆயிரம் பேருக்கு மேல் கூடுகிற திறந்தவெளிக் கூட்டமென்றால் 150 மீட்டர். கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். கூலிக்குப் படமெடுக்கிறவர்கள் சிஏஏஎம் எனப்படும் வான் போக்குவரத்து ஆணையத்திடம் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெற வேண்டும். வான்வழிப் படங்களுக்கு நில அளவைத் துறையான ஜூப்பெமின் அனுமதியும் உண்டு. கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் ஓடினால் நடக்காது. முன்பணம் வாங்குகிற அன்றே மனுப்போடுகிற வேலையைத் தொடங்குகிறேன். கிடைக்கவில்லையென்றால் டிரோன் காட்சி இல்லை என்பதை ரசீதிலேயே எழுதிவிடுகிறேன்.

இந்த 50 மீட்டர்தான் என்னை இரண்டாவது லென்ஸ் பக்கம் திருப்பியது. மினி மாதிரி டிரோன்களில் இருப்பது அகலக் கோண லென்ஸ். 50 மீட்டர் தள்ளிப் போனால் மாப்பிள்ளையும் பெண்ணும் எறும்புதான். அதனால் ஆசை நம்மைக் கிட்டே கிட்டே இழுக்கும். 2023இல் வந்த ஏர் 3இல் இரண்டு கேமரா. ஒன்று 24 மில்லிமீட்டர், மற்றது 70 மில்லிமீட்டர். அந்த 70இல் தூரத்திலிருந்தே ஆட்கள் பெரிதாகத் தெரிவார்கள், பின்னணிக் கோபுரமும் அவர்களுக்கு நெருங்கி வந்து நிற்கும். எடை 720 கிராம். கனமான டிரோன், ஆனால் யார் தலைக்கும் மேல் போக வேண்டிய அவசியமே இல்லை. மூன்று கேமரா வைத்த மேவிக் 3 புரோ இன்னும் நல்லது, 958 கிராம். விலையைக் கேட்டால் தலை சுற்றும். விளம்பரப் படக்காரர்களுக்கு அது சரி. கிள்ளானில் ஒரு கல்யாணத்துக்கு நாம் வாங்குகிற கூலியில் அந்தப் பணம் எப்போது திரும்பும் என்று கணக்குப் போட்டேன். போட்ட தாளைக் கிழித்துவிட்டேன்.

கடற்கரை வேலை அதிகம் இருந்தால் எடை இன்னொரு விதத்திலும் உதவும். மினி 4 புரோ தாங்கும் காற்று நொடிக்கு 10.7 மீட்டர் என்கிறார்கள், ஏர் 3க்கு 12. தாளில் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. மோரிப் கடற்கரையில் மாலை நான்கு மணிக்கு ஏற்றிப் பாருங்கள். தரையில் சட்டைகூட அசையாது, மேலே போனதும் "பலத்த காற்று" என்று எச்சரிக்கை வரும். போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். இதை மாற்றிச் செய்த என் நண்பர் ஒருவரின் டிரோன் இன்னும் மலாக்கா நீரிணைக்குள்தான் இருக்கிறது.

இனி ஆறாயிரத்துக்கு வருவோம். தம்பி மொத்தப் பணத்தையும் டிரோனிலேயே போடத் தயாராக இருந்தான். நான் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகாதே என்றேன். பேட்டரி குறைந்தது மூன்று வேண்டும். 34 நிமிடம் பறக்கும் என்பது காற்றில்லாத இடத்தில் அளந்த கணக்கு. கால் பங்கு மின்சாரம் மிச்சம் இருக்கும்போதே இறக்குகிற ஆளுக்கு 22, 23 நிமிடம் கிடைத்தால் பெரிது. முழுதாக மின்னேற்றி வாரக்கணக்கில் அலமாரியில் போட்டுவிடக் கூடாது, பாதிக்குச் சற்று மேலே வைத்து எடுத்து வைக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் ஊதிப்போகும். ஊதிய பேட்டரியை "இன்னும் ஒரு தடவை" என்று மாட்டாதீர்கள். மாற்று விசிறிகள் இரண்டு செட். நுனியில் நகத்தால் தடவினால் தெரிகிற அளவு பிளவு இருந்தாலே தூக்கிப்போட வேண்டும், இது பத்து, இருபது வெள்ளிச் சமாசாரம்தான்.

அடுத்து என்டி ஃபில்டர். நம் ஊர் வெயிலுக்கு இது இல்லாமல் வீடியோ எடுக்கவே முடியாது. மினி 4 புரோவின் லென்ஸ் துவாரம் எஃப் 1.7இலேயே நிலைத்திருக்கும், குறைக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் கேமரா வேறு வழியில்லாமல் ஷட்டரை ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு வேகத்துக்கு ஏற்றிவிடும். அப்போது ஓடுகிற காரும் அசைகிற தென்னையும் வெட்டி வெட்டித் தெரியும். நொடிக்கு 25 காட்சி எடுத்தால் ஷட்டர் 50இல் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. அதற்குக் கேமராவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்ட வேண்டும். காலையில் 16, உச்சி வெயிலில் 64 அல்லது அதற்கும் மேல். 25 என்று சொன்னதற்கு இன்னொரு காரணம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30இல் வைத்து இரவில் மண்டப விளக்குகளை எடுத்தால் சில விளக்குகள் படத்தில் துடிக்கும்.

மிச்சப் பணத்தில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பயிற்சிச் சான்றிதழ். இந்த இரண்டையும் சொன்னதும் தம்பியின் முகம் சுருங்கியது. காமிராக்காரனுக்குச் சாமான் வாங்குகிற பணம் செலவாகத் தெரியாது, தாள் வாங்குகிற பணம்தான் வலிக்கும். நானும் அப்படித்தான். அதோடு, பக்கத்து நாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்து மலிவாகத் தருகிறேன் என்கிறவர்களிடம் வாங்காதே என்றேன். சிரிம் முத்திரை இருக்காது, உத்தரவாதமும் இருக்காது. ஒருமுறை அப்படி வாங்கி, கிம்பல் பழுதாகி, பழுதுபார்க்கும் இடத்தில் வரிசை எண்ணைப் பார்த்ததும் பெட்டியைத் திருப்பித் தள்ளியது எனக்கே நடந்தது. லாபம் பார்த்தது எண்ணூறு வெள்ளி, போனது மொத்தமும்.

"அவ்வளவும் பார்த்து வாங்கினா நல்ல படம் வந்துடுமாண்ணே?" என்றான்.

அதற்கு ஒரு பாட்டியின் கதையைச் சொன்னேன்.

இரண்டு வருடம் முன்பு ஒரு குடும்பம் வந்தது. கோல லங்காட் பக்கம் அவர்கள் வாழ்ந்த தோட்டம் கைமாறிவிட்டது. லயங்கள் பாதி இடிந்துவிட்டன, மீதியும் சில மாதங்களில் போய்விடும். பாட்டிக்கு எண்பதைத் தாண்டிய வயது. அங்கேயே பால் வெட்டி, பிறகு செம்பனைக்கு மாறியபோது பழம் பொறுக்கி, ஏழு பிள்ளைகளை வளர்த்தவர். ஒருதரம் பார்க்க வேண்டுமாம். மண் சாலையில் சக்கர நாற்காலி போகாது. "மேலே இருந்து எடுத்து அம்மாவுக்குக் காட்டுங்க" என்றார் மகன். நிலத்துக்குப் பொறுப்பானவர்களிடம் அவர்களே பேசிக் கடிதம் வாங்கியிருந்தார்கள்.

செம்பனைத் தோட்டத்தில் பறப்பது மண்டபத்தில் பறப்பதைவிடக் கஷ்டம். ஈர ஓலைகள் சமிக்ஞையை விழுங்கிவிடும். மரங்களுக்குப் பின்னால் தாழ இறங்கினால் இருநூறு மீட்டரிலேயே தொடர்பு அறுந்துபோகும். அறுந்தால் டிரோன் தானாகத் திரும்பி வரும், ஆனால் எந்த உயரத்தில் வரவேண்டும் என்று நாம்தான் முன்பே சொல்லி வைக்க வேண்டும். இருபது மீட்டர் என்று வைத்துவிட்டு இருபத்தைந்து மீட்டர் மரங்களுக்கு நடுவே நின்றால், திரும்பி வருகிற வழியிலேயே முட்டிக்கொள்ளும். நான் அறுபது வைத்தேன். ஜிபிஎஸ் புறப்பட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளும் வரை காத்திருந்து ஏற்றினேன்.

நூறு மீட்டரில் நிறுத்தி, காருக்குள் இருந்த பாட்டியிடம் திரையைக் காட்டினேன். கண்ணுக்கு எட்டிய வரை பச்சை நட்சத்திரங்கள் அடுக்கியதுபோல் செம்பனை, நடுவே செம்மண் கோடு. எனக்கு அழகாகத்தான் தெரிந்தது. பாட்டி பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது எந்த ஊருப்பா?" என்றார்.

அவர் அந்தத் தோட்டத்தை ஒருநாளும் மேலிருந்து பார்த்ததில்லை. நான் இறக்க ஆரம்பித்தேன். ஐம்பது, முப்பது, பதினைந்து. தகரக் கூரைகள் தெரிந்தன. இன்னும் இறக்கி, எட்டு மீட்டரில், நடக்கிற வேகத்தில் லயத்து வரிசையோரம் கொண்டுபோனேன். மெதுவாகப் பறக்கிற முறையில் வைத்துவிட்டால் நான்கு விசிறி டிரோன் அந்தரத்தில் நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். இறக்கை வைத்த விமானம் இந்த வேலையைச் செய்யாது. ஒரு வீட்டின் பக்கவாட்டில் பழைய சிமெண்டுத் தொட்டி வந்தது.

"நிறுத்து நிறுத்து" என்றார் பாட்டி. திரையைத் தொட்டார். அவர் விரல் பட்டு ஏதோ அமுங்கி, படப்பதிவு நின்றுபோனது. நான் சொல்லவில்லை. "இதுலதான் பெரியவனைக் குளிப்பாட்டுவேன். அந்தப் பக்கம் போனா முனியாண்டி கோயிலு, அரசமரம். போ, போ." போனேன். கோயில் இருந்தது, மரம் இல்லை. அடி மட்டும் வெட்டிக் கிடந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, மூன்றாவது பேட்டரி தீரும் வரை பார்த்தார்.

அந்தக் குடும்பத்துக்கு நான் கொடுத்த படத்தில் நூறு மீட்டர் உயரக் காட்சி ஆறு நொடிதான் இருக்கிறது. மீதி முழுவதும் மரத்துக்குக் கீழே எடுத்தது. 249 கிராம் டிரோன், பக்கங்களைப் பார்க்கிற கண்கள், மூன்று பேட்டரி, வேறொன்றும் இல்லை. பெரிய சென்சார் இருந்திருந்தால் கூரை நிழலில் கொஞ்சம் தெளிவாக வந்திருக்கும். பாட்டி அதைக் கவனித்திருக்க மாட்டார்.

தம்பி கடைசியில் மினி 4 புரோ ஒன்றைப் பழையதாக வாங்கினான். என்னையும் கூட்டிக்கொண்டு போனான். விசிறி, கிம்பல், பேட்டரி எத்தனை முறை மின்னேற்றப்பட்டிருக்கிறது என்ற எண்ணிக்கை எல்லாவற்றையும் பார்த்து, பேரம் பேசி முடித்தோம். தொழிற்சாலை வேலையை இப்போதைக்கு விடவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு, ஆள் இல்லாத திடலில் பழகுகிறான். அம்மாவுக்கும் சொல்லிவிட்டானாம்.

போன வாரம் அங்கிருந்து போன் வந்தது. "அண்ணே, திசைகாட்டி தப்புன்னு சொல்லுது. ஏறவே மாட்டேங்குது."

"எங்க வச்சு ஏத்துற?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை.

"கார் பானட் மேலண்ணே."

"அது இரும்புடா. எடுத்து புல்லுல வை."